மூன்று ‘வேணாங்க’வும் ஒரு ‘கெமதி’யும்

விடுதிப் பொறுப்பாளர் வேலைக்குப் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக ஒரு கைநூல் அச்சடித்திருக்கிறார்கள். எனக்கும் ஒரு பிரதி அனுப்பி, “உங்கள் அனுபவத்திலும் நாலு பக்கம் எழுதித் தாருங்கள் மிஸ்” என்று கேட்டார்கள். கைநூலை முழுக்க வாசித்தேன். வெளிக்கதவை எத்தனை மணிக்குப் பூட்ட வேண்டும், ஈரத்துணியை எங்கே காயப்போடக் கூடாது, பாவாடை முழங்காலுக்கு எத்தனை அங்குலம் கீழே இறங்க வேண்டும், எல்லாம் இருக்கிறது. ஒரு பிள்ளை அழுதுகொண்டு உங்கள் அறை வாசலில் வந்து நின்றால் நீங்கள் வாயைத் திறந்து முதலில் என்ன சொல்ல வேண்டும் என்பது மட்டும் இல்லை. அங்குலம் அளக்கத் தெரிந்தவர்கள் எழுதிய புத்தகம் அப்படித்தான் இருக்கும். ஆகவே அதில் விட்டுப்போனதை நான் எழுதுகிறேன். அச்சிடுவார்களா என்பது அவர்கள் பாடு.

நான் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் இந்த வேலைக்கு வந்தேன். பதினேழு வருஷம் பார்த்தேன். இரத்தினபுரி மாவட்டத்தில் ஒரு கல்லூரி. பெயர் வேண்டாம், அந்தக் கட்டடம் யாருக்கும் ஒரு கெடுதலும் செய்யவில்லை. ஆசிரியராக வருவதற்குப் படிக்கும் இருபது, இருபத்திரண்டு வயதுப் பிள்ளைகள் அங்கே இருந்தார்கள். சிங்களப் பிள்ளைகள் அதிகம், முஸ்லிம் பிள்ளைகள் கொஞ்சம், தோட்டங்களிலிருந்து வரும் எங்கள் பிள்ளைகள் அதைவிடக் கொஞ்சம். நானும் நிவித்திகலப் பக்கத்து றப்பர் தோட்டத்தில் பிறந்தவள்தான். பெண்கள் விடுதியைப் பார்த்துக்கொள்வது என் வேலை. தமிழும் சிங்களமும் பேசுவேன் என்பதற்காக மொழிபெயர்ப்பையும் என் தலையில் கட்டினார்கள். யாரும் நன்றி சொல்லத் தேவையில்லாத வேலை என்பதால் தாராளமாகக் கட்டினார்கள்.

வருஷத்துக்கு ஒரு தடவை எங்கள் கல்லூரியில் ‘ஒழுக்கம்’ பற்றி ஒரு பேச்சு நடக்கும். பெண் பிள்ளைகளை மண்டபத்தில் உட்காரவைத்து இரண்டு மணித்தியாலம் பேசுவார்கள். தனியாகப் போகாதே, சத்தமாகச் சிரிக்காதே, யாரையும் நம்பாதே. அந்த நேரத்தில் ஆண் பிள்ளைகள் எங்கே என்று கேட்கிறீர்களா? மைதானத்தில் வொலிபோல் விளையாடிக்கொண்டிருப்பார்கள். யாரிடமிருந்து தப்ப வேண்டும் என்று உள்ளே சொல்லிக்கொடுத்தார்களோ, அவர்கள் வெளியே பந்து அடித்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பேச்சுக்கு மண்டபத்தைக் கூட்டி, நாற்காலி போட்டு, பேச்சாளருக்குத் தேநீர் கொடுத்தவள் நான். பல வருஷம் கொடுத்தேன்.

அந்தப் பேச்சைக் கேட்ட பிள்ளைகளில் ஒருத்திதான் நான் சொல்லப்போகும் பிள்ளை. லோகேஸ்வரி என்று வைத்துக்கொள்ளுங்கள். உண்மைப் பெயர் அவளுக்குச் சொந்தமானது. அவள் அப்பா தோட்டத்தில் றப்பர் பால் வெட்டுகிறவர். அந்தத் தோட்டத்து வரிசை வீடுகளிலிருந்து, எங்கள் பேச்சில் லயத்திலிருந்து, கல்லூரி வாசலை மிதித்த முதல் பிள்ளை அவள். அப்போது இரண்டாம் வருஷம், வயது இருபத்தொன்று. கஹவத்தைப் பக்கத்துத் தோட்டத்துப் பையன் ஒருவனும் அவளும் ஒருவரையொருவர் விரும்புகிறார்கள் என்பது கல்லூரிக்கே தெரியும். வெள்ளிக்கிழமை பஸ்ஸில் ஒரே இருக்கையில் போவார்கள். அவள் அதை மறைக்கவில்லை. அவன் வொலிபோல் கெப்டன். விரிவுரையாளர்களுக்கெல்லாம் செல்லப்பிள்ளை.

ஒரு சனிக்கிழமை மத்தியானம், பாடக் குறிப்புகள் எழுதிக்கொள்ளலாம் என்று டவுனில் தன் சிநேகிதன் தங்கியிருந்த போர்டிங் அறைக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போனான். சிநேகிதன் கடைக்குப் போய்விட்டான். அதற்குப் பிறகு நடந்ததை நான் விவரிக்கப் போவதில்லை. அவள் வேண்டாம் என்றாள், அவன் கேட்கவில்லை. அதைவிட ஒரு வரி கூடுதலாகத் தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறவர்கள் இந்த வேலையை விட்டுவிட்டுப் போகலாம்.

திங்கட்கிழமை காலையில் என் அறைக்கு வந்து, வாசலில் நின்றுகொண்டே சொன்னாள். கேட்டு முடித்ததும் என் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை இதுதான்: “நீ எதுக்கு அங்க போன?”

“நோட்ஸ் எழுத மிஸ்” என்றாள்.

உண்மையாகவே பதில் சொன்னாள் பாருங்கள். நான் கேட்டது கேள்வி என்று நினைத்துப் பதில் சொன்னாள். நான் கேட்டது கேள்வியே இல்லை. அது மண்டபத்துப் பேச்சு, இத்தனை வருஷம் நாற்காலி போட்டுக் கேட்டுக் கேட்டு என் வாயிலும் ஊறிவிட்டது. இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு அந்த வார்த்தை கூசுகிறது.

“உள்ள வந்து ஒக்காரு” என்று பிறகுதான் சொன்னேன்.

“எனக்கு அவர புடிக்கும் மிஸ். அதனாலதான் இன்னும் நம்ப முடியல. மூணு தரம் வேணாங்கன்னு சொன்னேன். கையப் புடிச்சுத் தள்ளுனேன். அவரு சிரிச்சாரு மிஸ்.”

பொலிசுக்குப் போகலாமா என்று கேட்டேன். அது சண்டைக் காலம். தமிழ்ப் பெயர் கொண்ட ஒரு பையனைப் பொலிஸ் ஒரு காரணத்துக்குக் கூட்டிக்கொண்டு போனால், வேறு காரணங்களுக்காக உள்ளே வைத்துக்கொள்ளும். அது அவளுக்கும் தெரியும்.

“பொலிசு வேணாம் மிஸ். அவர இல்லாததுக்கெல்லாம் புடிச்சு வச்சுக்குவாங்க. அவரு செஞ்சத செஞ்சேன்னு ஒத்துக்கணும், அவ்வளவுதான். அவரு இருக்குற வகுப்புல நான் ஒக்கார மாட்டேன். ஆனா நான் படிச்சு முடிக்கணும். இத விட்டா நான் திரும்பித் தோட்டத்துக்குத்தான் போகணும்.”

அந்தப் பிள்ளை கேட்டது இவ்வளவுதான். தனக்குத் தீங்கு செய்தவனுக்கு அநியாயம் நடக்கக் கூடாது என்று யோசிக்கிற அளவுக்கு அவளுக்கு நிதானம் இருந்தது. அவள் சொன்னதைக் கல்லூரிக்கு முறைப்பாடாக எழுதிக் கொடுத்தோம். அதைச் செவ்வாய்க்கிழமை விசாரித்த குழுவில் மூன்று பேர் இருந்தார்கள். அந்த நிதானத்தில் கால்வாசிகூட மூவரையும் கூட்டினாலும் வராது.

குழுவின் தலைவர் உப அதிபர். கல்லூரியின் பெயர் கெட்டுப்போகக் கூடாது என்பதைத் தவிர வேறு கவலை இல்லாத மனிதர். இரண்டாவது ஆள் தமிழ்ப்பாட விரிவுரையாளர். மூன்றாவது ஆண்கள் விடுதிப் பொறுப்பாளர். “நல்ல பையன்” என்று சொல்வதற்காகவே வந்து அதையே நாலைந்து தரம் சொல்லிவிட்டுப் போனார். நான் மொழிபெயர்ப்பாளர். லோகேஸ்வரி தமிழில் சொல்ல வேண்டும், நான் சிங்களத்தில் சொல்ல வேண்டும் என்று ஏற்பாடு.

உப அதிபரின் முதல் கேள்வி, அந்த அறைக்குப் போகும்முன் அவன் ஏதாவது வாங்கிக் கொடுத்தானா என்பது. ஒரு ரோல்ஸும் ஒரு போத்தல் சோடாவும் என்றாள்.

“குடித்தாயா?”

“குடிச்சேன் சேர்.”

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். உப அதிபர் எழுதிக்கொண்டார். ஒரு போத்தல் சோடாவுக்கு இவ்வளவு பெரிய அதிகாரம் உண்டென்று எனக்கு அன்றுதான் தெரியும். நான் எத்தனையோ கல்யாண வீடுகளில் சோடா குடித்திருக்கிறேன், எப்படித் தப்பித்து வந்தேனோ.

அடுத்தது, மறுத்தாய் என்கிறாயே, எந்த வார்த்தையைச் சொன்னாய் என்று கேட்டார். “வேணாங்கன்னு சொன்னேன் சேர்” என்றாள் அவள். நான் சிங்களத்தில் “எபா என்றாள்” என்றேன். அது சரியான மொழிபெயர்ப்பு. ‘எபா’ என்றால் வேண்டாம். அதோடு விட்டிருப்பார்கள். ஆனால் தமிழ் விரிவுரையாளருக்குத் தன் புலமையைக் காட்ட ஒரு சந்தர்ப்பம் கிடைத்துவிட்டது.

“சேர், ஒரு சின்ன விளக்கம்” என்று சிங்களத்தில் ஆரம்பித்தார். “இந்தப் பிள்ளை வெறும் வேண்டாம் என்று சொல்லவில்லை. ‘வேணாங்க’ என்றிருக்கிறாள். இந்த ‘ங்க’ மரியாதை விகுதி. எங்கள் பெண்கள் புருஷனிடம் இப்படித்தான் பேசுவார்கள். உண்மையான கோபத்தில் யாராவது மரியாதை கொடுப்பார்களா?”

உப அதிபர், “ஆ, அப்படியா” என்று தலையை ஆட்டினார். அதையும் எழுதிக்கொண்டார்.

தோட்டத்தில் பிறந்த யாரிடமும் கேட்டுப் பாருங்கள். எங்களை ஏசுகிற கங்காணிக்கும் ‘ங்க’ போடுவோம். பஸ்ஸிலிருந்து இறக்கிவிடுகிற கொண்டக்டருக்கும் போடுவோம். எங்கள் லயத்துப் பெண்கள் பேயைக் கண்டால்கூட ‘போங்க’ என்றுதான் விரட்டுவார்கள். அந்த ‘ங்க’ நாக்கிலே ஒட்டிக்கொண்டது, உயிர் போகும் நேரத்திலும் உதிராது. அந்தப் பிள்ளை தனக்குத் தீங்கு செய்துகொண்டிருந்தவனுக்கும் மரியாதை கொடுத்திருக்கிறாள். அந்த மரியாதையை எடுத்து அவளுக்கெதிராகவே சாட்சியாக்கினார் படித்த மனிதர். நான் அங்கே வாயைத் திறந்திருக்க வேண்டும். மொழிபெயர்ப்பாளர் அபிப்பிராயம் சொல்லக் கூடாது என்ற விதிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

அவர்களைப் பற்றி இவ்வளவு பேசிவிட்டேன். இனி என் பங்கைச் சொல்கிறேன்.

“உனக்கும் அவனுக்கும் என்ன உறவு?” என்று உப அதிபர் கேட்டார். “எனக்கு அவரப் புடிக்கும் சேர்” என்றாள் லோகேஸ்வரி. என்னிடம் சொன்னதைப் போலவே சொன்னாள். இதைச் சிங்களத்தில் சொல்ல ‘ஆதரே’ என்ற சொல் இருக்கிறது. அன்பு, காதல் என்று அர்த்தம். வேறு எந்த அர்த்தமும் அதற்கு இல்லை. அந்தச் சொல் என் நாக்கு நுனிவரை வந்தது. மூன்று ஆம்பிளைகள் முன்னால் நம் பிள்ளையைக் காதல் கீதல் என்று சொல்லவைக்க எனக்குக் கூச்சமாக இருந்தது. கொஞ்சம் அடக்கமான சொல்லாகப் போடுவோம், அவளுக்கு நல்லதாக இருக்கும் என்று நினைத்து ‘கெமதி’ என்றேன்.

சிங்களம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒருவரைப் பிடிக்கும் என்றாலும் கெமதி. ஒரு காரியத்துக்கு இணங்குகிறேன் என்றாலும் கெமதி. இரண்டுக்கும் ஒரே சொல். எனக்கு அது தெரியாதா? சந்தையில் காய்கறி வாங்கும்போதே தெரியும். ஆனால் அன்றைக்கு என் கவனம் மானத்தைக் காப்பாற்றுவதில் இருந்தது, அர்த்தத்தைக் காப்பாற்றுவதில் இல்லை. பிள்ளைகளே, இந்த வேலையில் மானம் என்ற சொல் உங்கள் தலைக்குள் வரும்போது கொஞ்சம் பொறுங்கள். யாருடைய மானம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். அன்றைக்கு நான் காப்பாற்றியது என்னுடையதை.

புதன்கிழமை மத்தியானம் அறிக்கை டைப் ஆகி வந்தது. டைப்பிஸ்ட், டவுனிலிருந்து வரும் முஸ்லிம் அம்மா. எங்கள் எல்லாருக்கும் ராத்தா, அதாவது அக்கா. தாளை என் மேசையில் வைத்துவிட்டு, “தங்கச்சி, ஒருக்கா வாசிச்சிட்டு வைங்க” என்றார். சாப்பாட்டு மணி அடித்துவிட்டது. நின்றபடியே கையெழுத்து வைத்துவிட்டு, முறைப்பாட்டுக்காரியின் கையெழுத்துக்காக லோகேஸ்வரியைக் கூப்பிட்டேன்.

அவள் தாளை வாங்கி வாசிக்கத் தொடங்கினாள். சிங்களத்தில் இருந்த தாளை. முதல் பக்கம் முடிந்து இரண்டாவது பக்கத்துக்குப் புரட்டினாள். ஓர் இடத்தில் விரலை வைத்தாள்.

“இது நான் சொன்னது இல்ல மிஸ்.”

அவள் விரல் வைத்த இடத்தில், ‘முறைப்பாட்டுக்காரி தான் கெமதியாக இருந்ததாக ஒப்புக்கொள்கிறார்’ என்றிருந்தது. தான் இணங்கியதாக ஒப்புக்கொண்டாள் என்றுதான் அதை யாரும் வாசிப்பார்கள். அடுத்த வரியில், மரியாதையான முறையில் மறுத்ததாகக் கூறுகிறார் என்றிருந்தது.

“ஒனக்குச் சிங்களம் வருமா?” என்று கேட்டேன்.

“எங்க தோட்டத்துக்குக் கீழ சிங்கள ஊரு மிஸ். சின்னதுலருந்து அங்கதான் வெளையாட்டு. வாசிக்கவும் வரும், எழுதவும் வரும்.”

“அப்ப ஏன் அங்கயே சொல்லல?”

“யாரும் கேக்கல மிஸ். தோட்டத்துப் புள்ளன்னதும் ஒங்களக் கூட்டியாந்து ஒக்கார வச்சுட்டாங்க. நீங்க கெமதின்னு சொன்னப்ப நான் நிமிந்து ஒங்களப் பாத்தேன். நீங்க சேரத்தான் பாத்துக்கிட்டு இருந்தீங்க.”

அவள் கடைசிப் பக்கத்தைப் புரட்டி என் கையெழுத்தைப் பார்த்தாள்.

“நான் இதுல கையெழுத்து வைக்க மாட்டேன் மிஸ். நீங்க வச்சது வச்சதுதானா?”

“பாப்போம்” என்றேன். கோழையின் வாயில் எப்போதும் தயாராக இருக்கும் சொல் அது. அவள் தாளை மேசையில் வைத்துவிட்டுப் போனாள்.

ராத்தாவிடம் போனேன். “வாசிக்கச் சொன்னேனே தங்கச்சி” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, “இன்னும் முடிவு எழுதல்ல. நீங்க பிழை எண்டு சொன்னா நான் திருப்பி அடிச்சுத் தருவேன். ஆனா நீங்கதான் சொல்லோணும். நான் டைப் அடிக்கிறவ, சொல்லுறவ இல்ல” என்றார்.

சொல்ல எனக்குப் பயமாக இருந்தது. உப அதிபரின் ஒரு கடிதம் போதும், என்னைத் தூக்கி வரக்காப்பொலவுக்கோ இன்னும் தூரத்துக்கோ மாற்றிவிடுவார்கள். வியாழக்கிழமை முழுவதும் அவர் அறைக்கு முன்னால் மூன்று தடவை நடந்தேன். மூன்று தடவையும் வேறு வேலை இருப்பதுபோலத் தாண்டிப் போனேன்.

அதற்குள் உப அதிபர் தன் வேலையை முடித்துவிட்டார். வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு இரண்டு குடும்பத்தையும் வரச் சொல்லியிருந்தார். லோகேஸ்வரியின் அப்பா வெள்ளைச் சட்டை போட்டு வந்திருந்தார். விரல் இடுக்கில் காய்ந்த றப்பர் பால் இன்னும் ஒட்டியிருந்தது. பையனும் அவன் அம்மாவும் வந்திருந்தார்கள். லோகேஸ்வரியைக் கதவோரத்தில் ஒரு நாற்காலியில் உட்காரவைத்திருந்தார்கள். குழுவின் மற்ற இருவரும் உப அதிபரின் பக்கத்தில் இருந்தார்கள், மொழிபெயர்க்க நானும் இருந்தேன்.

உப அதிபர் கண்டுபிடித்த தீர்வு கல்யாணம். படிப்பு முடிந்ததும் இருவருக்கும் கட்டிவைப்பது, முறைப்பாட்டை இப்போதே வாபஸ் வாங்குவது, இரண்டு பேரும் அதே வகுப்பில் தொடர்ந்து படிப்பது. பொலிஸ் இல்லை, பத்திரிகை இல்லை, கல்லூரிக்குக் கெட்ட பெயருக்குப் பதிலாக ஒரு கல்யாணப் பந்தல். இந்த மாதிரிப் புத்திசாலித்தனத்தை நீங்களும் பார்ப்பீர்கள். வீட்டில் புகுந்தவனுக்கு வீட்டையே எழுதிக்கொடுத்துவிட்டால் களவு என்று ஒன்று நடக்கவே இல்லை என்கிற கணக்கு.

ஒவ்வொருவராகக் கேட்டார். பையனுக்குக் கெமதியா? கெமதி. அவன் அம்மாவுக்கு? கெமதி. லோகேஸ்வரியின் அப்பா மகளைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உப அதிபர் அந்தத் தாளை எடுத்து அவர் முன்னால் நீட்டி, “உங்கள் மகளே கெமதி என்று சொல்லியிருக்கிறாள். இதோ, உங்கள் ஆள் மொழிபெயர்த்துக் கையெழுத்தும் வைத்திருக்கிறார்” என்று என்னைக் காட்டினார்.

அந்த அப்பா என்னைப் பார்த்தார். தோட்டத்து ஆள், படித்தவள், நம்ம பாஷை பேசுகிறவள் என்ற நம்பிக்கையோடு பார்த்தார். பிறகு உப அதிபரிடம் திரும்பி, “அப்ப கெமதி மஹத்தயா” என்றார், ‘சரிங்க ஐயா’ என்கிற மாதிரி.

எல்லாரிடமும் சம்மதம் வாங்கியாகிவிட்டது. சம்மதம் தேவைப்பட்ட ஒரே ஆளிடம் தவிர. அந்தக் கூட்டத்தில் அது யாருக்கும் உறைக்கவில்லை. உப அதிபர் பேனாவின் மூடியைக் கழற்றினார்.

எப்படி எழுந்தேன் என்று எனக்கே தெரியாது.

“சேர், அந்தச் சொல் பிழை. அவள் பிடிக்கும் என்றுதான் சொன்னாள். இணங்கினேன் என்று சொல்லவில்லை. நான் ஆதரே என்று சொல்லியிருக்க வேண்டும். என் கையெழுத்தை நான் வாபஸ் வாங்குகிறேன்.”

“ஒரு சொல்லுக்காக இரண்டு குடும்பத்தைக் குழப்பப் போகிறீர்களா?”

“அந்த ஒரு சொல்லைக் காட்டித்தானே சேர் இவரைச் சம்மதிக்கவைத்தீர்கள்?”

உப அதிபரின் முகம் சிவந்தது. உங்கள்மேல் நடவடிக்கை எடுக்க வேண்டிவரும் என்றார். எடுங்கள் சேர் என்றேன். “சரி, அவளிடமே கேளுங்கள். கேட்டு மொழிபெயருங்கள், இந்தத் தடவையாவது ஒழுங்காக” என்றார்.

“அவளுக்கு நான் தேவையில்லை சேர்” என்றேன்.

லோகேஸ்வரி எழுந்து நின்றாள். நல்ல சிங்களத்தில், வகுப்பில் பாடம் எடுக்கிற மாதிரி ஒவ்வொரு சொல்லாகப் பேசினாள். “சேர், எனக்கு அவர்மேல் ஆதரே இருந்தது. அன்றைக்கு நான் எபா என்றேன். மூன்று தடவை எபா என்றேன். இந்தக் கல்யாணமும் எபா.”

‘எபா’வுக்குப் பின்னால் ஒட்டிக்கொள்ள ஒரு ‘ங்க’ கிடையாது. தமிழ் விரிவுரையாளர் அன்றைக்கு விளக்கம் ஒன்றும் சொல்லவில்லை.

பையன் தமிழில் வெடித்தான். “நான் கட்டிக்கிறேன்னுதானே சொல்றேன்? இன்னும் என்னாதான் வேணும் ஒனக்கு?” அவன் நடிக்கவில்லை. உண்மையாகவே அவனுக்கு விளங்கவில்லை. இருபத்திரண்டு வயதுவரை அவனுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அவன் குற்றத்தை அது குறைக்காது, ஆனால் மைதானத்துக்கு அவனை அனுப்பிய எங்கள் எல்லாருக்கும் அதில் பங்கு உண்டு.

லோகேஸ்வரியின் அப்பா மெதுவாக என் பக்கம் திரும்பினார். “டீச்சரம்மா, சொன்னதத் திருப்பி எடுத்துக்கலாம்ங்களா?”

“எடுத்துக்கலாம்ங்க. நான் இப்பதான் எடுத்தேன்.”

“புள்ள சொல்லிருச்சின்னு காட்டுனாங்க. அதான் நான் சரின்னேன்” என்று எல்லாருக்கும் பொதுவாகச் சொன்னார். பிறகு உப அதிபரைப் பார்த்து, “எபா மஹத்தயா” என்றார். கையைக் கட்டிக்கொண்டு பணிவாகத்தான் சொன்னார்.

ராத்தா அறிக்கையைத் திருப்பி அடித்தார். இரண்டாவது விசாரணையில் லோகேஸ்வரி நேரடியாகச் சிங்களத்தில் பேசினாள். அவள் வேண்டாம் என்றதும் தான் நிறுத்தாததும் உண்மை என்று பையன் ஒத்துக்கொண்டான். ஒரு வருஷம் வகுப்பிலிருந்து விலக்கி, பிறகு வேறு கல்லூரிக்கு மாற்றினார்கள். அவ்வளவுதான். நீதி என்று இதைச் சொல்லமாட்டேன். எங்கோ ஒரு பள்ளிக்கூடத்தில் அவனும் இன்று கரும்பலகை முன்னால் நிற்கிறான். தமிழ் விரிவுரையாளர் பதவி உயர்வு பெற்று, பெண்மையின் பெருமை பற்றி விழாக்களில் பேசினார், பொன்னாடையும் போர்த்தினார்கள். எனக்குக் கவனக்குறைவான மொழிபெயர்ப்பு என்று ஓர் எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அந்த அலுவலகத்திலிருந்து வந்த கடிதங்களிலேயே முழு உண்மை எழுதப்பட்டிருந்தது அதில் மட்டும்தான்.

அடுத்த வருஷம் ஒழுக்கப் பேச்சுக்கு ஆண் பிள்ளைகளும் வர வேண்டும், இல்லாவிட்டால் நான் நாற்காலி போடமாட்டேன் என்றேன். முனகிக்கொண்டு வந்தார்கள். பின்வரிசையில் ஒருவன், “பொம்பளப் புள்ளைங்க மொதல்ல வேணாம்னுதான் சொல்லுவாங்க மிஸ். அது சும்மா” என்றான். எல்லாரும் சிரித்தார்கள். சரி, சாப்பாட்டைக்கொண்டு விளங்கவைப்போம் என்று நினைத்து, “நீ போதும்னு எலைய மறிக்கிற. நான் இன்னும் ஒரு கரண்டி சோத்தப் போட்டா?” என்றேன்.

“எங்க வீட்ல அப்படித்தான் மிஸ் போடுவாங்க. போதும்னாலும் போடுவாங்க. அது பாசம்” என்றான்.

என் கெட்டித்தனம் அத்தோடு படுத்துவிட்டது. ஆனால் வேர் எங்கே இருக்கிறது என்று அப்போதுதான் கண்டேன். ‘போதும்’ என்றால் ‘இன்னும் போடு’ என்று இலையிலிருந்தே பழக்கியிருக்கிறோம். மறுப்பதை உபசாரமாக்கிவிட்டோம். மறுப்பைத் தாண்டுவதைப் பாசமாக்கிவிட்டோம். பிறகு திடீரென்று ஒரு நாள், இருபது வயதில், மறுப்பு என்றால் மறுப்புத்தான் என்று அவன் தானாகக் கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும் என்கிறோம். அன்றைக்கு அவர்களிடம் ஒரே ஒரு விஷயம் சொன்னேன். விளங்கவில்லை என்றால் கேளு. கேட்டு, வேணாம் என்றால் எழுந்து வெளியே போ. சிரித்தவர்களில் பாதிப் பேர் அன்று சிரிக்கவில்லை. மற்றப் பாதிப் பேருக்கு அடுத்த வருஷமும் சொன்னேன், அதற்கடுத்த வருஷமும் சொன்னேன். அதற்கு உங்கள் கைநூலில் ஒரு பக்கம் கிடைத்தால் பாவாடை அங்குலத்தை எடுத்துவிட்டுப் போடுங்கள்.

லோகேஸ்வரி படித்து முடித்தாள். விடுதியை விட்டுப் போகும் நாளில் சாவியும் மெத்தையும் ஒப்படைக்க என் அறைக்கு வந்தாள். எல்லாம் சரிபார்த்து முடிந்தது. அவள் பையைத் தூக்கினாள். இனிச் சந்தர்ப்பம் கிடைக்காது என்று எனக்குப் பட்டது.

“லோகேஸ், நான் ஒனக்குச் செஞ்சது பெரிய பெழ. என்ன மன்னிச்சிருவியா?”

அவள் பையைத் தரையில் வைத்தாள். என்னை நேராகப் பார்த்தாள்.

“யோசிச்சுச் சொல்றேன் மிஸ்” என்றாள். பிறகு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று போனாள்.

இப்போது அவள் ஒரு தோட்டப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறாள். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் எனக்குத் தொலைபேசி எடுப்பாள். மழை, மாணவர்கள், அப்பாவின் முட்டி வலி என்று எல்லாம் பேசுவாள். அந்தப் பதிலை மட்டும் இன்னும் சொல்லவில்லை. ஒவ்வொரு தடவையும் எனக்குக் கேட்க வேண்டும்போலத்தான் இருக்கும். நான் கேட்பதில்லை.